ஆசிரியர்களே, அந்தக் கோடு சாய்ந்திருந்ததுதான் சரி

ஓவியக் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் பவானியிலிருந்து வணக்கம்.

நான் ஓவியன் இல்லை. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஜமக்காளம் நெய்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர், முட்டி வலி வந்த பிறகு திண்ணையோடு சரி. உங்களுக்கு மடல் எழுத இதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் போன மாதம் ஒரு படம் பார்த்தேன், அதைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கிறது, வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தீர்ந்துவிட்டது, அதனால் இப்போது உங்களிடம்.

உறவுக்காரப் பையன் ஒருவன் ஓவியம் படிக்கிறான், அவன் கல்லூரியில் மாணவர்களின் படங்களை வைத்திருந்தார்கள் என்று போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்று எழுத மாட்டேன், எழுதினால் படம் வரைந்த பெண்ணுக்குத்தான் தொல்லை. பெரிய கூடத்தில் பெரிய பெரிய கேன்வாஸ்கள். எனக்குப் புரிந்தது பாதி, புரியாதது பாதி, அதை விடுங்கள். திரும்பும்போது மாடிப்படி ஓரத்தில், குடிதண்ணீர்க் கேன் வைத்திருந்த இடத்துக்கு மேலே, ‘பயிற்சி’ என்று ஒரு அட்டை ஒட்டி ஏழெட்டுத் தாள்கள் குத்தியிருந்தார்கள். ஒரு தலையணை உறை, ஒரு சிம்மிணி விளக்கு, ஒரு செம்பு, அப்புறம் ஒரு ஜமக்காளம்.

எங்கள் ஊர் ஜமக்காளம்தான். நாலாய் மடித்து ஒரு மூலை மட்டும் பிரிந்து விழுந்தபடி நீர்வண்ணத்தில் வரைந்திருந்தாள். சிவப்புப் பட்டை, பச்சை, மறுபடி சிவப்பு, கறுப்பு, மெல்லிசாக ஒரு மஞ்சள். மடிப்பின் முதுகில் சிவப்பு வெளுத்துப் போய்ச் செங்கல் நிறமாகியிருந்தது, மடிப்புக்கு உள்ளே அதே சிவப்பு புதுசாக இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே மாதிரி மடித்துப் பரண் மேல் வைத்த துணிதான் அப்படி வெளுக்கும். கீழ் மூலையில் எலி கடித்த ஓட்டையை யாரோ வெள்ளை நூலால் இழைத்து அடைத்திருந்தார்கள், அந்தத் தையலையும் விடவில்லை, ஊசி போய் வந்த வழி தெரிந்தது. பட்டைக்குள் குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாட்டில் ஓடும் பாவு நூலை மேடும் பள்ளமுமாக மூடிக்கொண்டு போவது, கடைசியில் குஞ்சமாய்த் தொங்கும் பாவு முனைகள், அதில் ஒன்றிரண்டு முறுக்கு அவிழ்ந்து பஞ்சாய் நிற்பது, எல்லாம் இருந்தது. நான் குனிந்து மோந்து பார்க்காத குறை.

அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு, ஆசிரியர் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும்: ‘பட்டைகள் இணையாக இல்லை. அளவுகோல் பயன்படுத்தவும்.’

உண்மைதான், இணையாக இல்லை. இரண்டாவது பச்சைப் பட்டை இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது, ஒரு நூல், ஒன்றரை நூல் அளவு. நான் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “எடது பக்கம் உக்காந்தவன் கை சொணங்கி இருக்கறான். இல்லாட்டி புதுசு.”

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். அகலமான ஜமக்காளத்தை ஒரு ஆள் நெய்ய முடியாது. ஒரே குழியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை இவர் விட்டால் அவர் பிடிப்பார், அவர் விட்டால் இவர். ஊடை ஓடியதும் இரண்டு பேரும் சேர்ந்து பலகையை இழுத்து அடிக்க வேண்டும். ஒருவர் ஓங்கி அடித்து மற்றவர் தளர்வாக அடித்தால், தளர்ந்த பக்கம் ஊடை இறுகாமல் பட்டை கொஞ்சம் மேலே ஏறிவிடும், நாலு விரற்கடை போன பிறகு கவனித்துச் சரி செய்துகொள்வார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தறியில் நெய்தவர்கள், இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்த ஒரு சித்திரை மாசத்தில் நெய்த ஜமக்காளம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, அதில் பட்டைகளைப் பார்த்தாலே சண்டை தெரியும் என்று அம்மா சொல்வார்.

ஆக, அந்தப் பெண் அளவுகோல் வைக்காததுதான் விஷயம். கண்ணால் பார்த்தது சாய்ந்திருந்தது, கையும் சாய்த்தே போட்டது. யாரோ இரண்டு பேர் என்றோ ஒரு நாள் பலகையை அடித்தது அந்தத் தாளில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் பிழை என்று திருத்தியிருக்கிறீர்கள். கோபமாக எழுதவில்லை, தறியில் உட்கார்ந்து பார்க்காதவருக்கு அது பிழையாகத்தான் தெரியும், எனக்கே சின்ன வயசில் அப்படித்தான் தெரிந்தது.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு, ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுதே” என்று அன்றைக்கு என் பின்னால் நின்ற ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவுக்கும் ஒரு குழு வந்து பழைய ஜமக்காளங்களையெல்லாம் வெளியே விரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனது. பிற்பாடு ஒரு பிரதி அனுப்பினார்கள். உச்சி வெயிலில் எடுத்ததில் சிவப்பெல்லாம் ஒரே கூழாகி, கருநீலமும் கறுப்பும் ஒன்றாகி, எது எந்த வீட்டுத் துணி என்றே எங்களுக்குத் தெரியவில்லை. இப்போதைய போன்களைக் கேட்கவே வேண்டாம், ஸ்கேன் செய்கிற ஆப் ஒன்றில் போட்டால் நாலு மூலையையும் அதுவாக இழுத்து நேராக்கிவிடுகிறது. உங்கள் பென்சில் குறிப்பு மாதிரியேதான் அதுவும்.

போட்டோ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் ஒரு துணியை வரைகிற ஆள் அதன் முன்னால் மூன்று நாள் உட்கார வேண்டியிருக்கிறது, எந்த இழை மேலே எந்த இழை கீழே என்று அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், தெரியாமல் தூரிகையை எங்கே வைப்பது? நெய்தவருக்கு அடுத்தபடி அந்தத் துணியை அவ்வளவு நேரம் பார்த்த ஆள் வரைந்தவர்தான். வாங்கியவர்கள்கூட அப்படிப் பார்ப்பதில்லை, அதன் மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இதையே ஒரு தேசம் முழுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தேடப்போய்ச் சமீபத்தில் தெரிந்தது. 1930களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம். ஓவியர்களுக்கும் சோறு வேண்டுமே என்று அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஒரு வேலையை ஆரம்பித்தது, 1935இலிருந்து 1942 வரை நடந்தது. ‘இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்’ என்று பெயர். ஊர் ஊராகப் போய், வீடுகளில் கிடக்கிற கைத்தொழில் சாமான்களை, ஒட்டுத்துணிப் போர்வை, கையால் நெய்த கட்டில் விரிப்பு, கந்தலில் பின்னிய மிதியடி, பானை, பொம்மை, பெட்டி என்று உள்ளதை உள்ளபடி நீர்வண்ணத்தில் வரைந்து வைக்க வேண்டும். 18,000க்கு மேல் படங்கள். இப்போது வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன, இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம்.

நான் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனில் ஒவ்வொன்றாய்ப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போர்வைப் படங்களில் சிலவற்றில் முழுப் போர்வையும் இருக்காது, ஒரு மூலை, ஒரு கட்டம், அதில் துணிக்குள் அடைத்த பஞ்சு உப்பி நிற்பதும் தையல் ஓடிய இடம் பள்ளமாகிக் கிடப்பதும் தெரியும், அவ்வளவு போதும், மிச்சத்தை நம் கண்ணே போட்டுக்கொள்ளும். எகிப்தில் கல்லறைச் சுவர்களைப் பார்த்து வரைந்த ஜோசப் லிண்டன் ஸ்மித்தின் முறையை மாசசூசெட்ஸ் ஓவியர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கல்லறைச் சுவரைப் பார்க்கிற அதே மரியாதையோடு ஒரு பாட்டியின் போர்வையைப் பார்த்திருக்கிறார்கள், பாருங்கள். இது கலையா, வெறும் நகலா என்ற வழக்கு அங்கேயும் நடந்ததாம். நடக்கட்டும். படங்கள் இருக்கின்றன, வரைந்த போர்வைகளில் எத்தனை இன்றைக்கு மிச்சமோ.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட செய்தி வேறு. இந்தத் திட்டத்தை நியூயார்க்கில் யோசித்தவர்கள் இரண்டு பெண்கள். பொது நூலகத்தில் படத் தொகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ரொமானா ஜாவிட்ஸ் ஒருவர். துணி வடிவமைப்பாளரான ரூத் ரீவ்ஸ் இன்னொருவர். அந்த ரூத் ரீவ்ஸ் பிற்பாடு, 1956இல், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியாவுக்கு வந்து, அகில இந்தியக் கைவினை வாரியத்துக்கு ஆலோசகராக இருந்து, 1966இல் டெல்லியிலேயே இறந்திருக்கிறார். மெழுகு வார்ப்பு முறையில் இங்கே வெண்கலம் வார்ப்பதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த யோசனைக்குச் சொந்தக்காரி பத்து வருஷம் நம் நாட்டில் இருந்தும் நமக்கு அப்படி ஒரு ஓவியத் தொகுப்பு வாய்க்கவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியதும் அதே 1935தான், அந்தப் பொருத்தத்தை நினைத்துச் சும்மா சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் துணிகளை யாருமே தொகுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்கிற வெள்ளைக்காரர் இந்தியத் துணிகள் 700 மாதிரிகளை 18 தொகுதிகளாகக் கட்டினார், அதில் 20 படிகள். எப்படித் தெரியுமா, துணியைக் கத்தரித்து ஒட்டி. இங்கே எந்தத் துணி விலை போகும் என்று இங்கிலாந்தில் உள்ள ஆலைக்காரர்கள் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. அந்த ஆலைத் துணி வந்து குவிந்து கைத்தறிக்காரன் வயிற்றில் அடித்த காலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், எங்கள் ஊர் ஜங்கமர்கள் என்கிற நெசவுச் சமூகத்தார் முரட்டு நூலில் நிறம் ஏற்றிப் பட்டை பட்டையாக இந்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். முரட்டு நூலில் பூவேலை வராது, அதனால் பட்டை. பட்டுபோல மினுக்கும் செயற்கை நூல் வந்த பிறகுதான் கரையில் வேலைப்பாடு ஏறியது. ஜமக்காளத்தை ஒரு துண்டு கத்தரித்து ஒட்டினால் வெறும் சிவப்புத் துணிதான் மிஞ்சும், எந்தப் பட்டைக்குப் பிறகு எந்தப் பட்டை என்கிற கணக்கு போய்விடும். வரைந்தால் துணியும் பிழைக்கும், கணக்கும் பிழைக்கும்.

ஓவியத்துக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் யாரும் கேட்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 1850இல் ஹன்டர் என்கிற மருத்துவர் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1884இல் அங்கே தலைமைக்கு வந்த ஹேவல் மாகாணத்தின் கைத்தொழில்களை ஊர் ஊராகப் பார்த்து அறிக்கை எழுதினார். அதே கல்லூரியிலிருந்து ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரோடு போனவர்கள் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்களே, நிலம் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது? மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுச் சேர்த்த காசு. துணி உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது ஐயா, அதைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் கேனுக்கு மேலே குத்தி வைப்பது அடுக்குமா?

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்யலாம் என்று கேட்டால் என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகளை ஒரு நாள், ஒரே ஒரு நாள், தறிக்குழியில் உட்கார வையுங்கள். நெய்ய வேண்டாம், நெய்யவும் வராது, பாவு அறுந்தால் பிணைக்கிற வேலை எங்களுக்குத்தான். சும்மா உட்கார்ந்து பார்த்தாலே எந்தக் கோடு ஏன் சாய்கிறது என்று புரிந்துவிடும். அப்புறம் வரையும்போது புதுத் துணியைத் தேடாதீர்கள். கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கிற ஜமக்காளம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றுகூடச் சொல்ல மாட்டேன், கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985இல் சட்டம் போட்டும் விசைத்தறிச் சரக்கு எங்கள் ஊர்ப் பெயரில் விற்கிறது, புவிசார் குறியீடு வாங்கியும் அதே கதைதான். அதனாலேயே வீடுகளில் கிடக்கிற பழசை வரையுங்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு விரித்தது, பஞ்சாயத்துக்கு விரித்தது, சீட்டாட விரித்தது, இழவு வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பி வந்தது. காபி கொட்டிய கறையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அந்தக் கறைக்குப் பல வீட்டில் ஒரு கதை இருக்கும், கேட்டால் சொல்வார்கள், நிறுத்தத்தான் மாட்டார்கள்.

பத்தமடைப் பாயை வரைந்த ஒரு படத்தையும் அன்றைக்கு ஒரு பையன் தன் நோட்டில் காட்டினான். நல்ல பையன், நல்ல கை. ஆனால் பாயை மஞ்சள் கட்டங்களாகப் போட்டிருந்தான். தம்பி, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே. தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, கீறி, மறுபடி கீறி, நூலுக்கு நூலாய் மெலிந்த கோரை அது. ஒரு பக்கம் வழவழப்பாய் வெளிச்சத்தை வாங்கித் திருப்பும், மறுபக்கம் மங்கல். ஜன்னலோரம் பாயைச் சாய்த்து வைத்துவிட்டு நீ தலையை ஆட்டிப் பார், மினுக்கம் நகரும். அந்த மினுக்கத்தை எங்கே வெள்ளைத் தாளாகவே விடுவது என்பதில்தான் உன் வேலை முழுக்க இருக்கிறது. கல்யாணப் பாய் கிடைத்தால் இன்னும் நல்லது, மாப்பிள்ளை பெண் பெயரை நெய்திருப்பார்கள், எழுத்து வளைகிற இடத்தில் கோரை வளையாதே, படி படியாய் ஏறித்தான் வளைவு காட்டும், அதைப் படி படியாகவே வரை, உருட்டிவிடாதே.

இன்னொன்று, இதை ஆசிரியர்கள்தான் செய்ய முடியும். அந்த அமெரிக்கப் படங்களில் நிறைய இடத்தில் வரைந்தவர் பெயர் இருக்கிறது, துணியைத் தைத்தவர் பெயர் இல்லை. தைத்தவர் யார் என்று அதற்குள் வீட்டுக்காரர்களுக்கே மறந்துபோயிருக்கும். நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. தாளின் பின்பக்கம் நெய்தவர் பெயர், ஊர், தெரு, தறியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர், நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூல் தாரைச் சுற்றிக் கொடுத்தவர் பெயர் என்று எழுதச் சொல்லுங்கள். தார் சுற்றியது பெரும்பாலும் அம்மாவோ அக்காவோதான், அவர்கள் பெயரை இதுவரை யாரும் எங்கேயும் எழுதியது கிடையாது. எங்கள் வீட்டு ஜமக்காளம் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறது, என் அம்மா சுற்றாத தாரில் அப்பா நெய்ததாக எனக்கு நினைவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. அம்மணி, உன் பெயரைத் தாளில் இனிஷியல் மட்டும் போட்டிருந்தாய், அதனால் பெயர் தெரியவில்லை. பென்சில் குறிப்பைப் பார்த்துவிட்டு அளவுகோல் வைத்து மறுபடி வரைந்துவிட்டாயோ என்று எனக்கு இரண்டு நாளாய்ப் பயம். வரைந்திருந்தாலும் பழைய தாளைக் கிழித்துவிடாதே. அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்கிறார், விலை சொன்னால் கொடுத்துவிடுவார், பென்ஷன் பணத்தில் பேரம் பேசுவார், அதற்கு மட்டும் தயாராக இரு.

அந்தச் சண்டை ஜமக்காளம் இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. பெரியப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. உங்களில் யாராவது வரைய வருவதென்றால் ஈரோட்டிலிருந்து பவானி பஸ் பிடித்துக் கூடுதுறைப் பக்கம் இறங்கி நெசவாளர் தெரு எது என்று கேட்டால் போதும், சொல்வார்கள். மழைக்காலத்தில் வராதீர்கள், திண்ணையில் வெளிச்சம் போதாது. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். எந்தப் பக்கம் தன் பக்கம், எந்தப் பக்கம் அண்ணன் பக்கம் என்று அப்பாவே விரலை வைத்துக் காட்டுவார். வண்ணம் கொண்டு வரும்போது சிவப்பு மட்டும் இரண்டு டியூப் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், பச்சை அவ்வளவு ஆகாது.

இப்படிக்கு,
பவானி ஜமக்காளக்காரர் மகன்